இருநூற்றெண்பது பொருள் தெரிந்த தில்லைநாதன் சார்

தில்லைநாதன் சாருக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து வந்து, "மிஸ், எட்டு வருஷம் அவரு கூட ஒரே மாடியில இருந்தவங்க நீங்கதான். சாரோட வாழ்க்கைய ஒரு கதை மாரி எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சரி என்றேன். எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்துப் பார்த்த பிறகு மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒரு மனிதனுக்குக் கால் போன கதை எங்கேயாவது ஓரிடத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

என் பெயர் அருள்மொழி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் சொல்லித் தருகிறவள். 2004 ஜூன் மாதம் அதே மாடியின் மறு பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நடுவே ஒரு பிளைவுட் தடுப்பை நிறுத்தி, "தில்லை ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்" என்று போர்டு மாட்டியவர்தான் சார். ஊர் சிதம்பரம். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். முழுக்கைச் சட்டை, டக்-இன், சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் எழுதுவது ஒன்றுதான்.

அதற்கு முன்னால் சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அச்சக முதலாளி கடனுக்கு ஈடாக யாரிடமோ வாங்கிப் போட்டிருந்த தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதி அங்கே கிடந்தது. வேலை இல்லாத நேரத்தில் அதைப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். கதை படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்தேன் என்று பெருமையாகச் சொல்வார். எம்.ஏ. ஆங்கிலம் தபாலில் எழுதி இரண்டு முறை தோற்றதை மட்டும் சொல்ல மாட்டார். அது அவர் மனைவி ஒருநாள் கோபத்தில் போனில் கத்தியதால் எங்களுக்குத் தெரிந்த விஷயம்.

அந்த அகராதியில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. ஆங்கிலத்தில் மிகச் சின்னச் சொற்களுக்குத்தான் அதிகமான பொருள் உண்டாம். "ரன்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். நமக்கெல்லாம் அது ஓடு என்பதோடு முடிந்துவிடும். மிஞ்சிப்போனால் கிரிக்கெட். அவர் விடுவாரா? கம்பெனி நடத்துவது ரன். பஸ் போய் வருவது ரன். மூக்கு ஒழுகுவது ரன். துணியில் சாயம் கரைவது ரன். தேர்தலில் நிற்பது ரன். கோழி உலாவ வளைத்துக் கட்டுகிற அடைப்பும் ரன். வெள்ளைக்காரிகள் போடுகிற நீளக் காலுறையில் இழை பிரிந்தால் அதுவும் ரன். இப்படி இருநூற்றெண்பது. மஞ்சக்குப்பத்தில் எந்தப் பெண் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் காலுறைக்கு எத்தனை பொருள் என்று ஆரம்பித்திருப்பார்.

சென்டரில் பாடம் நடத்துகிற முறை இதுதான். ஒரு மாதத்துக்கு ஒரு சொல். ஒவ்வொருவரும் இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு வாங்க வேண்டும். நடுவில் சொல்லை எழுதி, அதிலிருந்து கிளை கிளையாக அதன் சொந்தக்காரச் சொற்களை எழுத வேண்டும். ரன்னர், ரன்வே, ரன் அவுட், ரன்னிங் நோட்ஸ் என்று நோட்டு முழுக்க ஆலமரம். மாதக் கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து நின்று, மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். நூறைத் தாண்டினால் மற்றவர்கள் கை தட்டுவார்கள். சாரே ஒப்பித்துக் காட்டுகிற நாளில் தடுப்பே ஆடும். என் பக்கத்தில் டைப் அடிக்கிற பெண்களும் கையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனையிலும் ஒன்று மட்டும் நடக்காது. அந்தச் சென்டரில் யாரும் யாரோடும் ஆங்கிலத்தில் பேசியதே கிடையாது. பேரில்தான் ஸ்போக்கன். ஸ்ரீதர் என்று ஒரு பையன், சென்டரிலேயே முதல் ஆள், நூற்றறுபது வரைக்கும் போனவன். சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போனான். உன்னைப் பற்றிச் சொல் என்றார்களாம். இவன் பேரைச் சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். திரும்பி வந்தவனிடம் சார் சொன்னார்: "அவுங்களுக்கு வொகேபுலரி பத்தலடா. ஒன்ன எடை போடத் தெரியல." அவனும் தலையாட்டிவிட்டு அடுத்த மாதத்துக்கு நோட்டு வாங்கப் போனான்.

சாருக்கே பேச வராது என்பது எனக்கு 2005 தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சுனாமி வந்து போன சமயம். உதவி செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர், ஓர் ஆணும் பெண்ணும், இங்கிலீஷ் போர்டைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு மாடிப்படி ஏறி வந்தார்கள். தேவனாம்பட்டினத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கத்தான். அவர்கள் குரல் படியில் கேட்டதுமே சார் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நான்தான் வெளியே வந்து கையைக் காட்டி மூன்று வார்த்தை சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போய்க் கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், "வயிறு சரியில்ல மிஸ்" என்றார். பாவம், வயிற்றுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கிறது.

எனக்கு எப்படி வந்தது என்றால், ஷார்ட்ஹேண்ட் அப்படிப்பட்ட படிப்பு. ஒருவர் சொல்லச் சொல்லக் காதில் வாங்கி, கை எழுத வேண்டும். வாய் வேலை செய்யாது, காது வேலை செய்யும். பத்து வருஷம் கேட்டுக் கேட்டு, யார் எந்த வேகத்தில் பேசினாலும் காதில் விழுந்துவிடும். ஒப்பிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. அதனால் எனக்கு யாரும் கை தட்டியதும் இல்லை.

இனி பிரிசில்லா வருகிறாள். 2008 அக்டோபர், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் சார்லஸ் மஸ்கட்டில் சாரம் கட்டுகிற வேலைக்குப் போயிருந்தான். இரண்டு வாரம் முன்னால் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து, நினைவு தெளியாமல் கிடக்கிறான். அவன் அறையில் இருந்த அய்யனார் என்கிற நம்ம ஊர் ஆள்தான் இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கிறான். அவனையும் மறுநாளே பாலைவனத்துக்குள் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும் முன் அவளிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறான்: "திங்கக்கெழம ஆறு மணிக்கு ஆபீஸ்லேருந்து போன் பண்ணுவாங்க. கால் விஷயமா ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணுமாம். தமிழ் தெரிஞ்ச ஆளு யாரும் அங்க கெடையாது. இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்கள பக்கத்துல வச்சிக்கங்க. பாத்துப் பதில் சொல்லச் சொல்லுங்க."

நல்லா தெரிந்தவர் யார் என்று அவள் தெருவில் விசாரித்தால் எல்லாரும் என்ன சொல்வார்கள்? ஒரே வார்த்தைக்கு இருநூற்றெண்பது அர்த்தம் சொல்கிற மனுஷன் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். வந்தாள்.

"சார், ஒங்கள நம்பித்தான் வந்துருக்கேன். அவுங்க என்ன கேக்குறாங்கன்னு மட்டும் எனக்கு சொல்லிடுங்க சார். எதுனாலும் நான் மாமனாருகிட்ட கேட்டுட்டு பதில் சொல்லிடுறேன்" என்றாள். கையில் சார்லஸ் அனுப்பிய சைனா செட். ரிங் அடித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை கழிப்பறைக்கு வழி இல்லை. சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பயப்படாதம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார். நான் தடுப்பின் இந்தப் பக்கம், கதவருகே நின்றேன். ஏன் நின்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு மணிக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் பேசியவன் எந்த நாட்டுக்காரனோ, வேகமாகத்தான் பேசினான். ஆனால் தெளிவாகப் பேசினான். எனக்கு ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. காலில் சீழ் வைத்துவிட்டது. இரண்டு நாளுக்குள் இன்னோர் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். குடும்பம் சம்மதித்தால் இங்கேயே செய்வோம், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், செலவு எங்களுடையது. இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றால் வியாழக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறது. இந்த நிலைமையில் பயணம் நல்லதில்லை என்கிறார் டாக்டர். எது வேண்டும், நீங்கள் சொல்லுங்கள்.

சார் சொன்னார்: "யெஸ். யெஸ்."

அவன் ஒரு கணம் நிறுத்தினான். இங்கே ஆபரேஷனா, ஊருக்கு அனுப்புவதா என்று மறுபடியும் கேட்டான்.

"யெஸ், யெஸ்."

ஊருக்கா என்றான் அவன்.

"யெஸ் சார். யெஸ். தேங்க்யூ சார்."

நிச்சயமாகத்தானா என்று கேட்டான். அதற்கும் ஒரு யெஸ். ஆக ஏழு யெஸ், எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். அவனுக்கும் தலைவலி விட்டது என்றுதான் இருந்திருக்கும். போனை வைத்துவிட்டான். உடனே இருபது பேரும் கை தட்டினார்கள். மஸ்கட்டுக்காரனோடு சார் நேருக்கு நேர் பேசிவிட்டாரே!

பிரிசில்லா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சார் சொன்னாங்க?" என்றாள்.

"ஒன்னும் இல்லம்மா. நல்லா கவனிச்சிக்கிறாங்களாம். எல்லாம் பேசிட்டேன், தைரியமா போ" என்றார் தில்லைநாதன் சார். முகத்தில் வியர்வை மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவள் அவரைக் கும்பிட்டாள். காலில் விழப் போனாள். அவர் பெரிய மனது பண்ணித் தடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னை விமான நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. ஒங்க வீட்டு ஆள் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார், வந்து அழைத்துப் போங்கள் என்று. அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கார் பிடித்துப் போய், அங்கிருந்து நேராகப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதம் கறுத்துவிட்டிருந்தது. இந்தக் காலோடு ஏன் அனுப்பினார்கள், அங்கேயே திறந்து சுத்தம் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் திட்டினாராம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பிரிசில்லா சாரைச் சபிக்கவில்லை. கம்பெனிக்காரன்தான் ஈவிரக்கம் இல்லாமல் ஏற்றி விட்டுவிட்டான் என்றும், சார் மட்டும் அன்றைக்கு அப்படிப் பேசியிராவிட்டால் ஆளே வந்திருக்க மாட்டான் என்றும் அவள் நம்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கும் வேட்டி சட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். "அவுரு உசுரோட வந்ததே ஒங்களாலதான் சார்" என்றாள். வாங்கிக்கொண்டாரே, அந்த மனிதர்! கை கூசவில்லை. கேக்கை வகுப்பில் எல்லாருக்கும் பங்கிட்டார். எனக்கும் ஒரு துண்டு தடுப்பைத் தாண்டி வந்தது. ஜனவரியில் அடித்த நோட்டீஸில் "வெளிநாட்டுத் தொலைபேசி உரையாடலில் நேரடி அனுபவம்" என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. அந்த வருஷம் மூன்று பேட்ச் ஆயிற்று. சனி, ஞாயிறு சிதம்பரத்திலும் கிளை திறந்தார். அங்கே "ரன்" முந்நூறாக வளர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அவருக்குத் தான் செய்தது தெரியுமா, தெரியாதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவன் என்ன கேட்டான் என்றே புரியாதவருக்கு, தான் என்ன பதில் சொன்னோம் என்று எப்படித் தெரியும்? புரியவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். இருநூற்றெண்பது இருந்தும் அந்த ஒன்று அவரிடம் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இருபது நோட்டு வாங்கிய இருபது பேர் முன்னால் மானம் போயிருக்கும். சாரின் மானத்துக்கும் சார்லஸின் காலுக்கும் நடுவில் நின்று, அவர் எதைக் காப்பாற்றிக்கொண்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சார்லஸ் செயற்கைக் கால் வைத்துக்கொண்டு, புதுப்பாளையத்தில் ஒரு சின்ன ரீசார்ஜ் கடை போட்டு உட்கார்ந்தான். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் புயல் அடித்தபோது எங்கள் மாடியின் மேல் ஷீட்டெல்லாம் பறந்து, சாரின் ஆலமர நோட்டுகள் நனைந்து கூழாகிப்போயின. ஊரே கூரை இல்லாமல் நின்ற நேரத்தில் சார் நோட்டுக்காக அழுதார். புது ஷீட் போட்டு, பிப்ரவரியில் மறுபடியும் வகுப்பு தொடங்கியது. அந்தப் பொங்கலுக்குத்தான் அய்யனார் காண்டிராக்ட் முடிந்து ஊருக்கு வந்திருந்தான்.

வந்தவன், வகுப்பு தொடங்கிய பிறகு ஒருநாள் சார்லஸைப் பார்க்கப் போயிருக்கிறான். பேச்சுவாக்கில், "ஏன் மச்சான், அங்கியே வைத்தியம் பாத்துருக்கலாம் இல்ல? ஆபீஸ்ல கேட்டேன். ஒங்க வீட்லதான் ஊருக்கு அனுப்பச் சொல்லி யெஸ் சொன்னாங்களாமே?" என்று கேட்டுவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடிப்படியில் தடியூன்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நிறுத்தி நிறுத்தி. சார் போர்டில் அந்த மாதத்துச் சொல்லை எழுதிக்கொண்டிருந்தார். "டேக்." சார்லஸ் வந்து வாசலில் நின்றான். யாரென்று சாருக்கு உடனே தெரிந்தது. "வாங்க, வாங்க" என்று சிரித்து, பையன்களிடம் திரும்பி, "இவருக்காகத்தான் நான் மஸ்கட்காரங்ககிட்ட பேசினேன்" என்று அறிமுகப்படுத்தினார்.

சார்லஸ் சிரிக்கவில்லை. அவன் சைட்டில் பல நாட்டு ஆட்களோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தில் கேட்டான். வேண்டுமென்றேதான் அதில் கேட்டான் என்று நினைக்கிறேன்.

"சார். தட் டே, ஹி ஆஸ்க், யூ அண்டர்ஸ்டாண்ட்? ஆர் நோ அண்டர்ஸ்டாண்ட்?"

சாரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. எட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் ஒருவர் இன்னொருவரிடம் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி அது. அவர் பிள்ளைகளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், சார்லஸைப் பார்த்தார். பிறகு தலையை வேகமாக ஆட்டி, "யெஸ், யெஸ்" என்றார்.

யாரோ ஒரு பையன் பழக்க தோஷத்தில் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டான். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் பொங்கியது. மூன்று வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்தது இதற்குத்தான். மாட்டிக்கொண்டான் மனுஷன்!

 சார்லஸ் முகத்தில் கோபம் கூட இல்லை. பிறகு தடுப்புப் பக்கம் திரும்பி, கதவருகே நின்ற என்னைப் பார்த்தான்.

"மிஸ், அன்னிக்கும் நீங்க இங்கதான் நின்னுனு இருந்தீங்கன்னு பிரிசில்லா சொன்னா."

"ஆமாம்" என்றேன்.

"ஒங்களுக்குப் புரிஞ்சிதா?"

ஏன் நின்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன் என்று முன்னால் எழுதினேனே, அது இதுதான். அன்றைக்கு நான் கதவருகே நின்றது அவளுக்கு உதவி செய்ய இல்லை. சார் மாட்டிக்கொள்வதைப் பார்க்க. இருபது பேர் முன்னால் அவர் முழிக்க வேண்டும், சாயம் வெளுக்க வேண்டும், கை தட்டியவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அவர் யெஸ் சொல்லச் சொல்ல, இன்னும் ஒன்று சொல்லட்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். போன் வைத்த பிறகும் பிரிசில்லா படி இறங்க இரண்டு நிமிஷம் ஆனது. அதே நம்பருக்குத் திரும்பப் போட்டு மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு டைப் படிக்க யார் வருகிறார்கள்? என்னிடம் இருந்த பதினெட்டுப் பேரில் பாதிப் பேர், சாரிடம் சேர்ந்தால் டைப்புக்குச் சலுகை என்பதால் வந்தவர்கள். அவர் கடை மூடினால் என் கடையும் மூடும். அதையும் யோசித்தேன். அந்த இரண்டு நிமிஷத்தில் இவ்வளவும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

"புரிஞ்சிது" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

சார்லஸ் தடியைக் கை மாற்றிக்கொண்டான்.

"அப்ப சாரே தேவலாம்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.